மாதவிடாய் நிற்கும் காலத்துத் தொல்லைகளும் அவற்றிற்கேற்ற சிகிச்சையும்

48 வயதுடைய பெண்மணி ஒருவர் இரவில் மூன்று நான்கு முறை வேர்வையில் நனைந்து விழித்துக்கொள்கிறார். பகலில் பிறரோடு பேசிக்கொண்டிருக்கும்போதே மார்பிலிருந்து கழுத்துக்கும் முகத்துக்கும் குப்பென்று சூடு பரவுகிறது. தூக்கம் கெட்டதனால் வேலையில் கவனம் குன்றுகிறது. சிறு சொல்லுக்கும் சினம் எழுகிறது. இவர் தம் இடர்ப்பாட்டை வாய்விட்டுக் கூறினால், நம் நாட்டில் பெரும்பாலும் கிடைக்கும் விடைகள் இரண்டு. "இந்த வயதில் எல்லோருக்கும் வருவதுதான், பொறுத்துக்கொள்ள வேண்டும்" என்பது ஒன்று. "கருப்பையை எடுத்துவிட்டால் தொல்லை தீர்ந்துவிடும்" என்பது மற்றொன்று. முன்னது வீட்டார் கூறுவது. பின்னது சில வேளைகளில் மருத்துவம் செய்வோரே கூறுவது. இவ்விரண்டும் தவறானவை. இவற்றுக்கு இடையே, விஞ்ஞான முறையில் ஆராய்ந்து அறியப்பட்ட சிகிச்சைகள் பல உள்ளன. ஆனால் எல்லாப் பெண்களுக்கும் ஏற்ற ஒரே சிகிச்சை என்று எதுவும் இல்லை. ஒவ்வொருவருக்கும் உரியதைப் படிப்படியாகத் தேடியே கண்டறிய வேண்டும். அத்தேடலின் முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உடலில் நிகழ்வது யாது?

பெண் குழந்தை பிறக்கும்போதே அதன் இரு சினைப்பைகளிலும் சுமார் 10 முதல் 20 லட்சம் முட்டைக் கருக்கள் அமைந்துள்ளன. பூப்பெய்தும் வயதில் இவற்றுள் எஞ்சுபவை சுமார் 3 முதல் 4 லட்சமே. வாழ்நாளில் முதிர்ந்து வெளிப்படுபவை 400 அல்லது 500. ஏனையவை தாமாகவே அழிந்துவிடுகின்றன. இந்தச் சேமிப்பு ஏறக்குறையத் தீரும் நிலையில் சினைப்பைகள் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன் என்னும் இரு ஹார்மோன்களும் குறைகின்றன. முதலில் மாதவிடாய் முறை தவறுகிறது. சில மாதங்களில் மிகுதியாகவும் சில மாதங்களில் வராமலும் போகிறது. பின்னர் முற்றிலும் நின்றுவிடுகிறது. வேறு காரணம் ஏதுமின்றித் தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராதிருந்தால் மட்டுமே அது நின்றுவிட்டதாகக் கொள்ளப்படும்.

மேலை நாட்டுப் பெண்களுக்கு இது சராசரியாக 51 வயதில் நிகழ்கிறது. இந்தியப் பெண்களுக்கு 46, 47 வயதிலேயே நிகழ்வதாக ஆய்வுகள் காட்டுகின்றன. புகையிலை பயன்படுத்துவோருக்கு இன்னும் சற்று முன்னதாகவே வருவதுண்டு. 40 வயதுக்கு முன்னரே நின்றுவிடுமாயின் அது இயல்பன்று. மருத்துவர் அவசியம் ஆராய வேண்டிய நிலையாகும்.

வெப்பம் எழுவதன் காரணம் நெடுங்காலம் விளங்காதிருந்தது. மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ் என்னும் உறுப்பு உடலின் உஷ்ணத்தை ஒரு வரம்புக்குள் நிறுத்திவைக்கிறது. அங்குள்ள சில நரம்பணுக்களை ஈஸ்ட்ரோஜன் கட்டுப்படுத்தி வருகிறது. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் இந்நரம்பணுக்கள் அளவு மீறித் தூண்டப்படுகின்றன. அப்போது, உடல் தாங்கக்கூடிய உஷ்ண வரம்பு மிகக் குறுகிவிடுகிறது. உடல் வெப்பம் சிறிதளவே உயர்ந்தாலும், பெருவெப்பம் தாக்கியதுபோல் மூளை செயற்படுகிறது, தோலிலுள்ள இரத்தக் குழாய்கள் விரிகின்றன, வேர்வை பெருகுகிறது, சில நிமிடங்களில் குளிரும் தோன்றுகிறது. ஆகவே இது மனப்பிரமையன்று, பிடிவாதமுமன்று. உடலில் உண்மையாக நிகழும் ஒரு மாற்றமே என்பதை முதலில் உணர்தல் வேண்டும்.

"சில மாதங்களில் சரியாகிவிடும்" என்ற ஆறுதல் மொழியும் எல்லோருக்கும் பொருந்துவதன்று. அமெரிக்காவில் பல இனப் பெண்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆராய்ச்சி ஒன்றின் முடிவு 2015-இல் வெளியாயிற்று. அடிக்கடி வெப்ப எழுச்சிக்கு உள்ளானவர்களில் பாதிப் பேருக்கு அத்தொல்லை 7.4 ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது என்பது அதன்மூலம் தெரியவந்தது. ஏழாண்டுத் தொல்லையைப் பொறுத்துக்கொள் என்று கூறுவது தகுமா என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தொல்லைகளைப் பிரித்தறிதல்

எந்தத் தொல்லைக்குச் சிகிச்சை வேண்டும் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளாமல் சிகிச்சையைத் தேர்ந்தெடுக்க இயலாது. தொல்லைகளை மூவகையாகப் பிரிக்கலாம். வெப்ப எழுச்சி, இரவு வேர்வை, தூக்கக்கேடு, அதனை ஒட்டிவரும் மனச்சோர்வு, எரிச்சல், மறதி ஆகியன முதல் வகை. பிறப்புறுப்பின் வறட்சி, எரிச்சல், தாம்பத்தியத்தில் வலி, அடிக்கடி சிறுநீர் கழிக்கும் அவசரம், சிறுநீர்த் தாரையில் மீண்டும் மீண்டும் தோன்றும் தொற்று ஆகியன இரண்டாம் வகை. முதல் வகைத் தொல்லைகள் காலப்போக்கில் தணிபவை. இரண்டாம் வகை சிகிச்சையின்றித் தணிவது அரிது, ஆண்டுகள் செல்லச் செல்ல மிகுவதே வழக்கம். கூச்சத்தின் காரணமாக இவ்விரண்டாம் வகையைப் பற்றிப் பெண்கள் தாமாக வாய் திறப்பதில்லை. எலும்பு மெலிதல் மூன்றாம் வகை. இது வலியின்றி வளர்வது. பெரும்பாலும் எலும்பு முறிந்த பின்னரே வெளிப்படுவது.

முதலில் விலக்க வேண்டியவை

இவ்வயதில் தோன்றும் ஒவ்வொரு தொல்லையையும் மாதவிடாய் நிற்பதன் தலையில் சுமத்திவிடுவது ஆபத்தானது. இரவில் வேர்ப்பதோடு மாலைக் காய்ச்சல், உடல் மெலிவு, இரண்டு வாரங்களுக்கு மேற்பட்ட இருமல் ஆகியனவும் இருந்தால் காசநோய்க்குரிய பரிசோதனை உடனே செய்யப்படல் வேண்டும். படபடப்பு, வேர்வை, எடை குறைதல் ஆகியவை தைராய்டு சுரப்பி மிகையாக வேலை செய்வதாலும் ஏற்படும். சோர்வும் மூச்சிரைப்பும் இரத்தசோகையின் அறிகுறிகளாக இருக்கக்கூடும். அடிக்கடி சிறுநீர் கழிப்பது நீரிழிவினாலும் ஆகும். எதிலும் நாட்டமின்மை, அழுகை, வாழ்வில் வெறுப்பு ஆகியவை மனச்சோர்வு நோயைக் குறிக்கலாம். அதற்கென்று தனிச் சிகிச்சை உண்டு. இவற்றையெல்லாம் விலக்கிய பின்னரே ஹார்மோன் குறைவைக் காரணமாகக் கொள்ள வேண்டும்.

இன்னும் இரண்டு செய்திகளைக் களப் பணியாளர்கள் மறவாதிருக்க வேண்டும். முதலாவது, மாதவிடாய் முறை தவறத் தொடங்கியவுடன் கருத்தரிக்கும் வாய்ப்பு நீங்கிவிடுவதில்லை. 50 வயதுக்கு உட்பட்டவர்கள் கடைசி மாதவிடாய்க்குப் பின் இரண்டாண்டுகள் வரையிலும், அவ்வயதைக் கடந்தவர்கள் ஓராண்டு வரையிலும் கருத்தடை முறையைக் கைவிடலாகாது. இரண்டாவது, 12 மாதங்கள் நின்றிருந்த பின்னர் மீண்டும் இரத்தப்போக்குக் கண்டால், அது ஒரு சொட்டேயாயினும், தாமதமின்றி மருத்துவரிடம் காட்ட வேண்டும். அத்தகைய பெண்களில் பெரும்பாலோருக்குச் சாதாரணக் காரணமே இருக்கும். எனினும் ஏறக்குறையப் பத்தில் ஒருவருக்குக் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் இருக்கக்கூடும். தொடக்கத்தில் கண்டுகொண்டால் இந்நோய் குணப்படுத்தத் தக்கது.

ஹார்மோன் சிகிச்சையின் வரலாறு

குறைந்துபோன ஈஸ்ட்ரோஜனை வெளியிலிருந்து கொடுப்பது இத்தொல்லைகளுக்கு நேரான பரிகாரமாகும். ஆயினும் மருத்துவ உலகில் இதனைப்போல் ஒரு காலத்தில் மிகையாகப் புகழப்பட்டும், மற்றொரு காலத்தில் மிகையாக அஞ்சப்பட்டும் வந்த மருந்து வேறொன்று அரிது.

கருவுற்ற குதிரைகளின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்த ஈஸ்ட்ரோஜன் மாத்திரை அமெரிக்காவில் 1942-இல் அனுமதி பெற்றது. 1960-களில் அது இளமையை நீட்டிக்கும் மருந்தாகவே பாராட்டப்பட்டது. 1975-இல், கருப்பை உள்ள பெண்கள் ஈஸ்ட்ரோஜனை மட்டும் உட்கொண்டால் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் மிகுகிறது என்பது வெளியாயிற்று. அதன் பின்னர், உட்சுவரைக் காக்கும் பொருட்டுப் புரோஜெஸ்ட்ரோன் வகை மருந்தும் உடன் கொடுக்கப்படலாயிற்று. இன்றும் மாறாத விதி இது: கருப்பை உள்ளவருக்கு இரண்டும் தேவை, கருப்பை இல்லாதவருக்குப் பொதுவாக ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும்.

அமெரிக்க அரசின் உதவியோடு நடைபெற்ற மகளிர் நல ஆராய்ச்சி ஒன்றில், கருப்பை உள்ள 16,608 பெண்கள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு இரு ஹார்மோன்களும், மற்றப் பிரிவினருக்கு மருந்தற்ற போலி மாத்திரையும் கொடுக்கப்பட்டன. 2002 ஜூலையில் அவ்வாராய்ச்சி இடையிலேயே நிறுத்தப்பட்டது. மருந்துண்ட 10,000 பெண்களில் ஓராண்டில் 38 பேருக்கு மார்புப் புற்றுநோய் கண்டது. போலி மாத்திரை உண்டோரில் 30 பேருக்குக் கண்டது. பக்கவாதம் 21-க்குப் பதில் 29 ஆயிற்று. மாறாக, இடுப்பு எலும்பு முறிவு 15-லிருந்து 10 ஆகக் குறைந்தது. இச்செய்தி பரவியதும் உலகெங்கும் லட்சக்கணக்கான பெண்கள் மருந்தை நிறுத்திவிட்டனர்.

இவ்வெண்களைச் சற்று நிதானமாக நோக்குவோம். 10,000 பேரில் எண்மர் அதிகம் என்பது புறக்கணிக்கத்தக்கதன்று. அஞ்சி ஒதுங்கத்தக்க பேரளவும் அன்று. மேலும், அந்த ஆராய்ச்சியில் பங்கு கொண்டோரின் சராசரி வயது 63. வெப்ப எழுச்சிக்காக மருந்து தேடுவோர் பெரும்பாலும் அதற்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் இளையவர்கள். கருப்பை நீக்கப்பட்டு ஈஸ்ட்ரோஜன் மட்டும் உட்கொண்ட 10,739 பெண்களிடையே நடந்த இணை ஆராய்ச்சியில் பக்கவாதம் மிகுந்ததாயினும், மார்புப் புற்றுநோய் மிகவில்லை. நெடுங்காலத் தொடர் ஆய்வில் அது குறைந்தே காணப்பட்டது. வயதுவாரியாகப் பிரித்து ஆராய்ந்தபோது, 60 வயதுக்கு உட்பட்டோருக்கும், மாதவிடாய் நின்று 10 ஆண்டுகளுக்குள் மருந்தைத் தொடங்குவோருக்கும் பொதுவாகத் தீமையினும் நன்மையே மிகுதி என்ற கருத்து வலுப்பெற்றது. 2025 நவம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், இம்மருந்துகளின் விவரத்தாளில் 2003 முதல் கட்டமிட்டு அச்சிடப்பட்டு வந்த எச்சரிக்கையிலிருந்து இதயநோய், மார்புப் புற்றுநோய், மறதிநோய் பற்றிய பகுதிகளை நீக்க முடிவு செய்தது. கருப்பை உள்ளவருக்கு ஈஸ்ட்ரோஜனைத் தனியே கொடுப்பதைப் பற்றிய எச்சரிக்கை மட்டும் நிலைநிறுத்தப்பட்டது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் அறிவது, மருந்து ஒன்று நல்லதா தீயதா என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை என்பதே. எவருக்கு, எந்த வயதில், எந்த வடிவில், எவ்வளவு காலத்துக்கு என்று கேட்பதே முறையாகும்.

நான்கு பெண்கள், நான்கு சிகிச்சைகள்

இதனை விளக்கக் கற்பனையான நான்கு எடுத்துக்காட்டுகளைக் காண்போம்.

முதலாமவருக்கு வயது 49. மாதவிடாய் நின்று ஓராண்டாகிறது. கருப்பை உள்ளது, இரத்த அழுத்தம் சீராக உள்ளது, மார்பில் கட்டி ஏதுமில்லை. வெப்ப எழுச்சி கடுமையாக இருப்பதால் ஹார்மோன் சிகிச்சை இவருக்கு ஏற்றது. ஈஸ்ட்ரோஜனை மாத்திரையாக விழுங்கலாம்; தோலில் ஒட்டும் பட்டையாகவோ தடவும் பசையாகவோ பயன்படுத்தலாம். விழுங்கிய மருந்து முதலில் கல்லீரலுக்குச் செல்வதால் இரத்தம் உறையும் தன்மை சற்று மிகுகிறது. தோல் வழியே செல்லும் மருந்தினால் இக்குறை தோன்றுவதாகத் தெரியவில்லை. ஆகவே உடற்பருமன் உடையவர்களுக்குத் தோல் வழி முறையே விரும்பத்தக்கது. கருப்பையின் உட்சுவரைக் காக்கப் புரோஜெஸ்ட்ரோன் மாத்திரையை இவர் இரவில் உட்கொள்வார். அது தூக்கத்துக்கும் சற்று உதவும்.

இரண்டாமவருக்கும் வயது 49, தொல்லைகளும் அவையே. ஆனால் இவர் மார்புப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று, டமாக்சிபென் மாத்திரை உட்கொண்டு வருபவர். இவருக்கு ஹார்மோன் ஆகாது. கருப்பைப் புற்றுநோய், காரணம் அறியப்படாத இரத்தப்போக்கு, மாரடைப்பு, பக்கவாதம், கால் சிரைகளில் இரத்த உறைவு, கடுமையான கல்லீரல் நோய் ஆகியவற்றுக்கு உட்பட்டோருக்கும் பொதுவாக அது விலக்கத்தக்கதே. இத்தகையோருக்கு ஹார்மோன் அல்லாத மருந்துகள் உள்ளன. மனச்சோர்வுக்குக் கொடுக்கப்படும் வெனலாபாக்சின் போன்ற சில மருந்துகள் சிறு அளவில் வெப்ப எழுச்சியைத் தணிக்கின்றன. பாராக்சிட்டின் என்னும் மருந்தும் இவ்வகையினதே. ஆனால் அது டமாக்சிபென்னின் செயலைக் குறைத்துவிடுவதால் இப்பெண்மணிக்குக் கொடுக்கலாகாது. இரவுத் தொல்லை மிகுந்தோருக்குக் காபாபென்டின் உதவும். அது தூக்கக் கலக்கம் தருவதால் இரவில் உட்கொள்வது நலம். மனப்பயிற்சி முறையில் அமைந்த அறிவுசார் நடத்தைச் சிகிச்சை, தொல்லையின் கடுமையைத் தாங்கும் ஆற்றலைப் பெருக்கித் தூக்கத்தையும் சீராக்குகிறது. முன்னர்க் கூறிய ஹைப்போதலாமஸ் நரம்பணுக்களின் மிகைத் தூண்டுதலையே தடுக்கும் பெசோலினிடன்ட் என்ற புதிய மருந்து 2023-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அரிதாகக் கல்லீரலைக் கடுமையாகப் பாதிப்பதனால், அதனை உட்கொள்வோர் இரத்தப் பரிசோதனையைத் தவறாது செய்துகொள்ள வேண்டும். இவற்றுள் எதனைக் கொடுப்பது என்பதைப் புற்றுநோய் மருத்துவரைக் கலந்தே முடிவு செய்ய வேண்டும்.

மூன்றாமவருக்கு வயது 62. வெப்ப எழுச்சி தணிந்து ஆண்டுகள் பலவாயின. ஆயினும் பிறப்புறுப்பு வறட்சியும், ஆண்டுக்கு மூன்று நான்கு முறை சிறுநீர்த் தொற்றும் வாட்டுகின்றன. இவருக்கு உடல் முழுவதும் பரவும் மருந்து தேவையில்லை. அவ்விடத்தில் மட்டும் இடும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு போதும். இதிலிருந்து இரத்தத்தில் கலக்கும் அளவு மிகச் சொற்பம். பயன் தெரியச் சில வாரங்கள் ஆகும். நிறுத்தினால் தொல்லை திரும்பும். பல ஆண்டுகளாக மீண்டும் மீண்டும் கிருமிக்கொல்லி மருந்துகளை உட்கொண்டு சலித்த பெண்கள் பலர், இவ்வெளிய களிம்பைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை.

நான்காமவருக்கு வயது 38. அறுவைச் சிகிச்சையில் கருப்பையும் இரு சினைப்பைகளும் நீக்கப்பட்டன. இயல்பாக ஆண்டுக்கணக்கில் நிகழ வேண்டிய மாற்றம் இவருக்கு ஒரே நாளில் நிகழ்ந்துவிட்டது. ஆதலின் தொல்லைகள் கடுமையானவை. எலும்பு மெலிவும் இதயநோயும் முன்னதாகவே வரக்கூடும். தடை ஏதும் இல்லையெனில், இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயது வரையேனும் இவருக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுப்பது அவசியம். 2002-ஆம் ஆண்டின் ஆராய்ச்சி முடிவுகளை இவருக்குப் பொருத்திப் பார்த்து அஞ்சுவது பொருந்தாது. அவை முதியோரைப் பற்றியவை.

கருப்பை நீக்கம் பரிகாரமன்று

நான்காம் எடுத்துக்காட்டுக்கு ஒப்பான பெண்கள் நம் நாட்டில் மிகப் பலர் என்பதே வருந்தத்தக்க செய்தி. 2015-16-ஆம் ஆண்டுத் தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 100-க்கு மூவருக்கு மேற்பட்டோர் கருப்பை நீக்கப்பட்டவர்கள். மராட்டிய மாநிலத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் தொழிலாளர்களிடையே 2019-இல் அரசுக் குழுவொன்று விசாரணை நடத்தியது. கணக்கெடுக்கப்பட்ட சுமார் 82,000 பெண்களில் 13,000-க்கு மேற்பட்டோர் கருப்பை நீக்கப்பட்டவர்கள் எனத் தெரியவந்தது. வெள்ளைப்படுதல், மிகையான போக்கு, வயிற்றுவலி போன்ற, வேறு வழிகளில் குணப்படுத்தக்கூடிய தொல்லைகளோடு வந்தவர்கள் அவர்களுள் பலர். மாதவிடாய் நாளில் வேலைக்குச் செல்லாவிடில் கூலி இழப்பு. சென்றாலோ வயலில் ஒதுங்க இடமில்லை. நோய் மட்டுமன்றி வறுமையும் அப்பெண்களை அறுவை மேசைக்கு அனுப்பிற்று.

சினைப்பைகளை விட்டுவைத்துக் கருப்பையை மட்டும் எடுத்தாலும், மாதவிடாய் நிற்கும் கால மாற்றங்கள் சில ஆண்டுகள் முன்னதாகவே வந்துவிடுவதுண்டு. வெப்ப எழுச்சியின் காரணம் கருப்பையில் இல்லை. ஆகவே அதனை நீக்குவதால் வெப்ப எழுச்சி நீங்குவதுமில்லை. தேவையற்ற கருப்பை நீக்கத்தைத் தடுக்க மத்திய சுகாதார அமைச்சகம் 2022-இல் நெறிமுறைகளை வெளியிட்டது. 2023-இல் உச்ச நீதிமன்றம் அவற்றை மூன்று மாதங்களுக்குள் நடைமுறைப்படுத்துமாறு மாநிலங்களுக்கு ஆணையிட்டது. புற்றுநோய், கட்டுக்கடங்காத இரத்தப்போக்கு போன்றவற்றுக்கு இவ்வறுவை உயிர்காப்பதே. ஆனால் "எடுத்துவிடலாம்" என்ற சொல்லைக் கேட்ட பெண், அதற்கான காரணத்தையும் மாற்றுச் சிகிச்சையையும் கேட்டறியவும், இரண்டாவது மருத்துவரைக் கலந்தாலோசிக்கவும் உரிமை உடையவர்.

விளம்பர மருந்துகள்

பொடிகள், லேகியங்கள், மாத்திரைகள் எனப் பல பொருள்கள் இத்தொல்லைகளைப் போக்குவதாக விளம்பரம் செய்யப்படுகின்றன. "உட்கொண்டேன், குறைந்தது" என்று சான்று கூறுவோரும் உண்டு. அவர்கள் பொய் கூறுவதில்லை. ஹார்மோன் மாத்திரைகளைப் பற்றிய பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து நோக்கியபோது, மருந்தற்ற போலி மாத்திரை உண்டோரிடையேயும் வெப்ப எழுச்சி பாதிக்கு மேல் குறைந்திருந்தது. தொல்லை இயல்பாகத் தணிவதும், கவனிப்பும் நம்பிக்கையும் தரும் ஆறுதலும் இதற்குக் காரணமாகும். உண்மையான ஹார்மோன் மருந்து, போலி மாத்திரையைக் காட்டிலும் எழுச்சிகளின் எண்ணிக்கையை மேலும் நான்கில் மூன்று பங்கு குறைத்தது. ஒரு பொருள் மருந்தா என்பதை இவ்வாறு ஒப்பிட்டுப் பார்த்தே முடிவு செய்ய இயலும். சோயாவைப் பற்றிய ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. மூலிகைப் பொருள் எதனை உட்கொண்டாலும், மருத்துவரிடம் அதனை மறைக்காமல் கூற வேண்டும். பிற மருந்துகளோடு சேர்ந்து அது தீங்கு விளைக்கக்கூடும்.

தேடும் முறை

முதல் மருந்தே முழுமையாகப் பொருந்திவிடும் என எதிர்பார்க்கலாகாது. மருத்துவரைக் காணுமுன், இரண்டு வாரங்களுக்கு ஒரு குறிப்பேட்டில் நாள்தோறும் எத்தனை முறை வெப்பம் எழுந்தது, இரவில் எத்தனை முறை விழிப்பு ஏற்பட்டது, எது மிகவும் வருத்தியது என்று குறித்து வைப்பது நலம். எழுத அறியாதவர் நாட்காட்டியில் கோடுகள் இடலாம். இரத்த அழுத்தம், உடல் எடை, மார்புப் பரிசோதனை, தேவையான இரத்தப் பரிசோதனை ஆகியவற்றுக்குப் பின்னரே மருந்து தொடங்கப்படும். 45 வயதைக் கடந்தோருக்கு, மாதவிடாய் நிற்கிறதா என அறிய ஹார்மோன் அளவைச் சோதிப்பது பொதுவாகத் தேவையில்லை.

மருந்து தொடங்கி மூன்று மாதங்கள் கழித்துக் குறிப்பேட்டை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். முதல் சில மாதங்களில் மார்பில் கனம், குமட்டல், ஒழுங்கற்ற சிறு போக்கு ஆகியன தோன்றித் தாமே மறைவதுண்டு. ஆறு மாதங்களுக்குப் பின்னும் போக்கு நீடித்தால் பரிசோதனை தேவை. பயன் போதாவிடில் அளவை மாற்றலாம். மாத்திரைக்குப் பதில் பட்டையைக் கொடுக்கலாம். புரோஜெஸ்ட்ரோன் வகையை மாற்றலாம். வேறு மருந்துக்கும் செல்லலாம். இம்மாற்றங்கள் தோல்வியல்ல, தேடலின் படிகளேயாம். அதன்பின் ஆண்டுக்கொரு முறை, மருந்து இன்னும் தேவையா என்பதை மருத்துவரும் பெண்ணும் கலந்து முடிவு செய்ய வேண்டும்.

எந்தச் சிகிச்சையைப் பெற்றாலும் எலும்பைக் காக்கும் கடமை எல்லோருக்கும் உண்டு. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு நாள்தோறும் 1,200 மில்லிகிராம் கால்சியம் தேவையென இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு பரிந்துரைத்துள்ளது. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் உள்ளது. பால், தயிர், எள், கீரை ஆகியவையும் நல்லவை. வெயிலில் நடப்பதும், தசைகளுக்கு வேலை தரும் பயிற்சியும் எலும்புக்கு உறுதி தரும். பருமனைக் குறைத்தால் வெப்ப எழுச்சியும் குறைவதுண்டு.

களப் பணியாளர்களும் ஆசிரியர்களும் செய்யத்தக்கவை

இரத்த அழுத்தம், நீரிழிவு, மார்பு, வாய், கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் ஆகியவற்றுக்கு 30 வயதைக் கடந்தோரைப் பரிசோதிக்கும் திட்டம் அரசுச் சுகாதார நிலையங்களில் நடைபெற்று வருகிறது. அதற்கென வீடுதோறும் செல்லும் சுகாதாரப் பணியாளர், 40 வயதைக் கடந்த பெண்ணிடம் மேலும் மூன்று கேள்விகளைத் தனிமையில் கேட்கலாம்: "மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, நின்றுவிட்டதா? இரவில் வேர்த்துத் தூக்கம் கெடுகிறதா? சிறுநீர் கழிக்கையில் எரிச்சலோ, வறட்சியோ உண்டா?" கேட்டால் கூறுவார்கள், கேட்காவிடில் கூறமாட்டார்கள். பணியாளரே மருந்தைப் பரிந்துரைக்கலாகாது. உரிய மருத்துவரிடம் அனுப்புவதும், மூன்று மாதங்கள் கழித்து மறுபடியும் விசாரிப்பதும் அவருடைய கடமைகளாகும்.

ஆசிரியர்களுக்கும் இதில் பங்குண்டு. பூப்பெய்துதலைப் பற்றிப் பாடம் நடத்தும்போது அதன் மறுமுனையையும் இரண்டு வாக்கியங்களில் கூறலாம். அவ்வாறு கேட்கும் மாணவியர்க்கும் மாணவர்க்கும் வீட்டில் தாயார் உள்ளனர். அன்னையின் சினத்துக்கும் உறக்கமின்மைக்கும் உடலில் காரணம் உண்டு என்றும், அதற்கு மருந்து உண்டு என்றும் அறிந்த பிள்ளை, அவரைச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லக்கூடும். ஆசிரியையரிலும் பலர் இவ்வயதினர் என்பதை நினைவிற் கொண்டு, வகுப்பறையில் மின்விசிறியையும், பள்ளியில் தூய கழிப்பறையையும், குடிநீரையும் தலைமையாசிரியர் உறுதி செய்தல் வேண்டும்.

50 வயதை எட்டும் பெண்ணுக்கு இன்னும் பல பத்தாண்டுகள் வாழ்வு உண்டு. அவ்வாழ்வைப் பல்லைக் கடித்துக்கொண்டு கழிக்கவும் வேண்டாம்; தேவையற்ற அறுவைக்கு உறுப்பைப் பலியிடவும் வேண்டாம். அவருக்கு வேண்டுவன சரியான விசாரணையும் உரிய பரிசோதனையும் பொறுமையான தேடலும் ஆகும். அதற்கு முதற்படியாக, யாரேனும் ஒருவர் அவரிடம் கேட்க வேண்டும்.